சின்னவள் போட்ட கறுப்பு டீ

ஊரப்பாக்கம் வீட்டில் நாலு மணி டீ என் கையால்தான். தொண்ணூறுகளில் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமனார் வேறு யார் போட்டதையும் தொட்டதில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு அவருக்குச் சர்க்கரை வந்தது. சர்க்கரை போடாத என் பால் டீயை முகம் சுளித்துக்கொண்டே குடித்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் என் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி, கடப்பாக்கத்துத் தாய்வீட்டிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒரு தேயிலை வட்டைக் கொண்டுவந்தாள். மகாபலிபுரம் ஓட்டலில் வேலை பார்க்கும் அவள் தம்பிக்கு ஒரு சீனாக்காரர் ஊருக்குப் போகும்போது கொடுத்ததாம். தேயிலையைப் புளிக்கவைத்து, அழுத்தி, பத்து வருஷம் வைத்திருந்ததாம். பார்க்க வறட்டி மாதிரி இருந்தது. ஒரு துண்டு உடைத்துப் போட்டு, முதல் வெந்நீரைக் கொட்டிவிட்டு, இரண்டாவதை வடிகட்டி மாமாவிடம் நீட்டினாள். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை.

"நல்லாக்கீதும்மா. நாளைக்கும் இதையே போடு" என்றார் மாமா.

எனக்கு வயிறு எரிந்தது. மக்கின வைக்கோல் நாற்றம், குடலைப் பிரட்டுகிறது என்று வீடு பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பக்கத்து வீட்டிலும் போய்ச் சொன்னேன். சின்னவள் அதைக் காதில் வாங்காமல் நாலு மணியானால் மாமாவுக்கு அதையே வடிகட்டிக் கொடுத்தாள். அது இன்னும் எரிந்தது.

ஒரு பகல் அவள் கடைக்குப் போயிருந்தபோது, அப்படி என்னதான் இருக்கிறது பார்ப்போமே என்று போட்டேன். முதலில் பழைய அரிசி மூட்டையைப் பிரித்த வாசனை. விழுங்கி, டம்ளரைக் கீழே வைத்த பிறகு, தொண்டையில் மெல்ல ஓர் இனிப்பு வந்தது. பாழாய்ப்போனது, நன்றாக இருந்தது. இவளுக்கா இது கிடைக்கவேண்டும் என்று இன்னொரு டம்ளரும் போட்டேன்.

அப்புறம் தினமும் திருட்டுதான். மேல்பக்கம் எடுத்தால் தெரிந்துவிடும் என்று வட்டைத் திருப்பி அடிப்பக்கம் சுரண்டினேன்.

ஒரு நாள் அவளும் திருப்பிப் பார்த்துவிட்டாள். "எலி கொறிச்சி வச்சிக்கீதுக்கா. மாமா குடிக்கிறது, இனிமே இது வேணாம்."

பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. எலி இல்லை, நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். "ஆமா, எலித் தொல்லை ஜாஸ்தியாப் பூடுச்சு" என்றேன். என் கண்ணெதிரே அதைக் குப்பையில் போட்டுவிட்டு, அலமாரியில் எலிப்பொறி வைத்தாள்.

அன்று நாலு மணிக்கு மாமா என்னைக் கூப்பிட்டு டீ கேட்டார். நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. பாலும் இஞ்சியும் போட்டு மூன்று டம்ளர் கொண்டுவந்தேன். அவர் பாதியில் வைத்துவிட்டார். எனக்கும் இறங்கவில்லை. அவள் மட்டும் சொட்டு விடாமல் குடித்துவிட்டு, "உன் டீ மாதிரி வராதுக்கா" என்றாள்.