பதினொரு குஞ்சுகளும் கண்ணுக்குத் தெரியாத குப்பிகளும்

பக்கத்து வீட்டு அம்மாவின் கோழிக்குஞ்சுகளுக்கு நான் வேண்டுமென்றே நோயைக் கொடுத்தேன். பழி அவர்மேல் விழுந்தபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அப்போது நான் குன்னூரில் விலங்கியல் ஆசிரியன். குடியிருந்தது ஜெகதளா பக்கம் ஒரு வரிசை வீட்டில். அந்த அம்மா சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இங்கே அனுப்பப்பட்டவர். வந்து ஒரு வருடமாகியும் குழாயடியில் அவரிடம் யாரும் பேசவில்லை. முட்டை விற்றால் நாலு பேர் வாசலுக்கு வருவார்கள் என்று நம்பிப் பதினொரு குஞ்சுகள் வளர்த்தார்.

எனக்கோ கோழிக்குடலில் வாழும் ஓரணு ஒட்டுண்ணி ஒன்றின்மேல் மோகம். அதன் கூர்மூக்கில் கதாயுதம் போன்ற நுண்ணிய குப்பிகள் உண்டு. குடலணுவைத் தொட்டதும் குப்பிச் சரக்கைப் பீய்ச்சி உள்ளே நுழைந்துவிடும். தாயணுவுக்குள் உருவாகும் ஒவ்வொரு சேயும் தன் குப்பிகளைப் புதிதாகக் கட்டிக்கொள்ளும். முதலில் சிறு கொப்புளங்கள். அவை கூடி ஒரு பை. பை இறுகி, கழுத்து நீண்டு குப்பி. தாய்வீட்டுச் சீதனமாக எதுவும் வராது. இந்தக் கட்டுமானம் பாதியில் நிற்பதைப் பார்க்க ஆசைப்பட்டேன். அதற்கு நோய் தொற்றி ஐந்து நாளான குஞ்சு வேண்டும்.

கால்நடை மருந்தக நண்பன் ஒருவன் கிருமி நீர் கொடுத்தான். அந்த அம்மா கொழுந்து பறிக்கப் போனதும், குஞ்சுக் கூடையைத் திறந்து, குருணையில் கலந்து இரண்டு குஞ்சுகளுக்கு மட்டும் வைத்தேன். பதினொன்றும் பாய்ந்து தின்றன. அவற்றுக்குப் பரிசோதனை முறை தெரியாது.

ஐந்தாம் நாள் எச்சத்தில் இரத்தம். நான்கு செத்தன. புதைப்பதாகச் சொல்லி ஒன்றை வாங்கிப்போய் நுண்ணோக்கியில் பார்த்தேன். ஒரு குப்பியும் தெரியவில்லை. அதற்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போடுபவன் நான்தான்.

குழாயடியில் மளிகைக் கடைக்காரர் கேட்டார்.

“ஏனுங்க சார், அந்தம்மா சிலோன்ல இருந்து சீக்கையும் கட்டிக்கிட்டு வந்துருச்சாமா? வேற ஊடு பாத்துக்கச் சொல்லோணுங்க.”

நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல்தான் இன்றுவரை உறுத்துகிறது.

இரண்டு நாள் குழாயடிப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் காலை, குழாயடியில் எல்லோரும் இருக்கும்போது பேசத் தொடங்கினேன். பழக்கதோஷம், குப்பி கட்டும் விதத்திலிருந்து ஆரம்பித்துவிட்டேன். கொப்புளம், பை என்று போய்க்கொண்டிருந்தேன்.

“குப்பி கெடக்கட்டுங்க சார். சீக்கு வெச்சது யாருங்க?” என்றார் கடைக்காரர்.

“நான்தான்.”

அந்த அம்மா குடத்தைக் கீழே வைத்தார்.

“அந்தப் பூச்சி படிக்காதது மாஸ்டர், தொளச்சிக்கிட்டுப் போகுது. நீங்க படிச்சவரு. கூடைய மெதுவா தெறந்து வேலையப் பாத்திருக்கீங்க.”

யாரோ ஒரு பெண் சிரித்தாள். பிறகு எல்லோரும்.

மருந்து வாங்கித் தண்ணீரில் கலந்து கொடுத்தேன். ஒரு மாதம் தினமும் காலையில் கூடையை வெந்நீர் ஊற்றிக் கழுவினேன். இன்னொன்று செத்தது, ஆறு பிழைத்தன. செத்தவற்றுக்கு ஈடாக ஐந்து குஞ்சுகள் கொண்டுபோனேன். அவர் தொடவில்லை.

“நீங்களே வளத்துக் குடுங்க. முட்ட போடட்டும், அப்புறம் வாங்கிக்கிறேன்.”

என் ஒற்றை அறையில் வளர்த்தேன். விடைத்தாள் கட்டின்மேல்தான் அவற்றுக்குத் தூக்கம். வளர்ந்தபின் பார்த்தால் நான்கு சேவல், ஒரு பெட்டை. அவர் பெட்டையை மட்டும் எடுத்துக்கொண்டார். சேவல்கள் என் தலையில்.

அதற்குள் அவர் வாசலில் ஆள் குறையாமல் ஆகிவிட்டது. என் கதையைக் கேட்க வந்தவர்கள் முட்டையோடு திரும்பினார்கள். வேறு வீடு பார்ப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு மட்டும் அவர் முட்டை விற்றதே இல்லை. போய் நின்றால், “கையக் கழுவிட்டு வாங்க மாஸ்டர்” என்பார். கழுவிவிட்டு வந்தால், “தீந்துபோச்சே” என்பார்.