சாலைக்கு அந்தப்புறம் நின்ற பெரிய வாத்தியார்

வேப்பிலையையும் மஞ்சளையும் சேர்த்து அரைக்கிற பச்சை வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் சிரிப்புத்தான் வருகிறது. வெண்ணந்தூரில் நான் நான்காம் வகுப்புப் படித்த ஆண்டில், எங்கள் உதவி வாத்தியார் "பொன்னுக்குவீங்கி" வந்து உப்பிய கன்னங்களில் அந்த அரைப்பைப் பற்றுப் போட்டுக்கொண்டு, பொன் பட்டால் வீக்கம் வடியும் என்ற ஊர் நம்பிக்கைப்படி மனைவியின் தங்கச் சங்கிலியையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒரு நாள் காலை பள்ளிக்கு வந்து நின்றார்.

எங்களுக்கெல்லாம் அது முந்தின ஆண்டே வந்து போயிருந்ததால் பயமின்றிச் சிரித்தோம். பெரிய வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. "வீக்கம் நல்லா வடியற வரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க. பாவாயிக்கு இன்னும் இது வந்ததில்லை" என்று அவரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். பாவாயக்கா பள்ளிக்குத் தண்ணீர் சுமந்து, கூட்டிப் பெருக்குகிறவள். அங்கே சம்பளம் வாங்கிய மூன்று பேரில் ஒருத்தி. அன்று முதல் மூவருக்கும் தனித்தனித் தம்ளர் வந்தது.

உதவி வாத்தியார் தேறித் திரும்பிய சில நாட்களில் பெரிய வாத்தியாருக்கே கன்னம் வீங்கியது. மறுநாள் இன்ஸ்பெக்டர் வருகிறார். பிள்ளைகள் தேறாவிட்டால் பள்ளியை மூடிவிடுவதாகப் போன முறையே எச்சரித்துப் போனவர். உதவி வாத்தியார் பதறிக்கொண்டு பெரிய வாத்தியார் வீட்டு வாசலுக்கு ஓட, பாவாயக்காவும் நாங்கள் நாலைந்து பேரும் பின்னாலேயே போனோம்.

"ஒரு நாளைக்கு மட்டும் வந்துட்டுப் போங்க, சாமி. எனக்கு வந்தா வந்துட்டுப் போவுது" என்று பாவாயக்கா கெஞ்சினாள்.

"நீ படுத்துக்கிட்டா உங்க ஊட்டுல கஞ்சி காச்சறது யாரு? உங்களுக்கொரு சட்டம், எனக்கொரு சட்டமா?" என்று உள்ளிருந்தே பதில் வந்தது.

ஆனாலும் அவருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. இன்ஸ்பெக்டர் வாய்ப்பாடு கேட்கத் தொடங்கியபோது, சாலைக்கு அந்தப்புறம் புளியமரத்தடியில், தாடையைச் சுற்றித் துண்டு கட்டி, கழுத்தில் பெண்பிள்ளைச் சங்கிலி மின்ன அவர் நிற்பதைக் கண்டோம். அவ்வளவுதான், அவர் காதில் விழட்டும் என்று பதினாறாம் வாய்ப்பாட்டைக் கூரை அதிரக் கத்தினோம். வாயைத் திறக்க முடியாத மனிதர், இரண்டு கைகளையும் உயரத் தூக்கி ஆட்டினார்.

"யார் அது?" என்று இன்ஸ்பெக்டர் திரும்பினார். குடத்தோடு நின்றிருந்த பாவாயக்காதான் முன்னால் வந்தாள்.

"எங்க பெரிய வாத்தியாருங்க. எனக்கு ஒட்டிக்கக் கூடாதுன்னு அங்கயே நிக்கிறாருங்க, சாமி."

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார், மரத்தடியைப் பார்த்தார். பிறகு வாசல்வரை நடந்து, "எனக்கும் இன்னும் வந்ததில்லை, ஐயா! இங்கிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன்!" என்று குரல் கொடுத்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். பள்ளி நன்றாக நடக்கிறது என்று அவர் எழுதிக் கொடுத்ததை உதவி வாத்தியார் சாலையைப் பார்த்து இரண்டு முறை உரக்கப் படித்தார். பாவாயக்காவுக்கு அந்த நோய் கடைசிவரை வரவேயில்லை.

சென்ற தை மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். புளியமரம் இல்லை. அகன்றுவிட்ட சாலையில் லாரிகளும் பேருந்துகளும் ஓயாமல் ஓடுகின்றன. ஒரு பள்ளிக்கூடமே கூடி நின்று வாய்ப்பாடு சொன்னாலும் அந்தப்புறம் போய்ச் சேராது.