மாமா வாங்காத விளையாட்டு

காரிமங்கலத்தில் அன்று சந்தை. தர்மபுரி பஸ் நிற்பதற்குள் ஒருவர் ஜன்னல் வழியே சீட்டில் துண்டைப் போட்டார். முன்னால் ஏறிய ஓர் அம்மா அந்தத் துண்டின் மேலேயே கோழிக்கூடையை வைத்தார். "துண்டு எம்படதுங்க!" "கோழிக்கு உசுரு இருக்குதுங்க, உங்க துண்டுக்கு இருக்குதா?" பஸ்ஸே சிரித்தது. எனக்கு மட்டும் பொறி தட்டியது. சீட்டுப் பிடிப்பதை ஒரு பலகை விளையாட்டாகச் செய்தால்? தர்மபுரியில் இறங்கும்போது பாதி விதிகள் என் போனில் இருந்தன.

அதை முதலில் அக்காவிடம்தான் சொன்னேன். அக்கா என்றால் மாரண்டஹள்ளிச் சித்தியின் மகள். ஓசூரில் ஒரு கம்பெனிக்குப் போய்வரும் பஸ் பயணத்திலேயே, விளையாட்டு செய்கிறவர்களுக்கான ஓர் இணையக் குழுவை நடத்திவந்தாள். அச்சுச் செலவுக்குப் பலரிடம் சிறிது சிறிதாகக் கூட்டுநிதி கேட்கிறவர்கள் எல்லோரும் அங்கேதான் வருவார்கள். அதனால் அவள் கறாராக இருந்தாள். விளம்பரம் அதற்கென்று விட்ட இடத்தில் ஒரே ஒரு முறை. யாருடைய இன்பாக்ஸிலும் நுழையக் கூடாது. அடுத்தவர் பதிவுக்குக் கீழே நம் சரக்கை விரிக்கக் கூடாது. என்னிடம் கூடுதலாக ஒன்று சொன்னாள்: "நீ என் தம்பின்னு மொதல் வரியிலயே போட்டுடு. அப்பறம் யாரும் கேக்கறதுக்கு இருக்காது." அப்படியே போட்டு என் விளையாட்டுக்கு நிதி கேட்டேன். குறித்த நாளுக்குள் இலக்கை எட்டாவிட்டால் தந்தவர்களுக்கே நிதி திரும்பிவிடும், என் விளையாட்டு அச்சேறாது. கடைசி வாரம். இலக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

அந்த வாரத்தில்தான் மாமா குழுவில் சேர்ந்தார். மாமா சந்தையில் ஆட்டுத் தரகர். ஒரு ஆட்டின் முன்னால் ஆள் நிற்கவில்லையென்றால் சொந்தக்காரர்கள் நான்கு பேரை நிறுத்தி விலை கேட்க வைப்பார். கூட்டம் தானாகக் கூடும். அதையே இங்கேயும் செய்தார். அத்தை, பெரியப்பா மகன்கள், அவர்கள் மனைவிமார் என்று எல்லோரையும் சேர்த்து, என் பதிவுக்குக் கீழே 'அருமை', 'சூப்பர்' என்று நிரப்ப வைத்தார். அவர் மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதினார்: 'நேற்றுதான் வாங்கினேன். நல்ல தரம்.' விளையாட்டு அப்போது அச்சுக்கே போகவில்லை! அதோடு விட்டாரா? திருவண்ணாமலைப் பெண் ஒருவர் தன் விளையாட்டுக்கு நிதி கேட்டிருந்த பதிவுக்குக் கீழேயும் போய், 'இதைவிடக் காரிமங்கலம் விளையாட்டு மேல்' என்று எழுதிவிட்டு வந்தார்.

மதியத்துக்குள் குழு கொதித்தது. அட்மினின் தம்பி என்பதால்தான் இந்த ஆட்டமா என்று கேட்டார்கள். நான் அழைக்க அழைக்க அக்கா எடுக்கவில்லை. மாலையில் என் பதிவு அங்கே இல்லை.

மாமாவைக் கூட்டிக்கொண்டு மாரண்டஹள்ளிக்கு ஓடினேன். அவர் வாசலிலேயே ஆரம்பித்தார்.

"ஏம்மா, சொந்தத் தம்பி போட்டத நீயே தூக்கனா சனம் என்ன பேசும்?"

"தூக்கலன்னாதான் மாமா பேசும். வாங்காத பொருள வாங்கனேன்னு எழுதிட்டீங்களே!"

"சந்தையில அப்படித்தான்மா சொல்லுவோம்."

"சந்தையில நீங்க தரகருன்னு ஆட்டுக்குக்கூடத் தெரியும். அங்க உங்க மூஞ்சி யாருக்குத் தெரியும்? நம்பிக் காசு போட்டவங்க அவங்க."

சித்தி கொடுத்த காப்பி மாமா கையிலேயே ஆறியது. 'இந்த ஒருதடவை விடுக்கா' என்று கெஞ்சத்தான் நான் போயிருந்தேன். ஆனால் அவள் போனை நீட்டிக் காட்டினாள். அட்மின் பொறுப்பிலிருந்து விலகுவதாக எழுதிவைத்திருந்தாள். "உன் பதிவத் திரும்பப் போடலாமா வேணாமான்னு நான் சொல்லக் கூடாது. மத்தவங்க சொல்லட்டும்." நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அனுப்பினாள். ஒன்றும் இல்லாததிலிருந்து அவள் கட்டியெழுப்பிய குழு அது.

மற்றவர்கள் முடிவெடுப்பதற்குள் நாள் கடந்துவிட்டது. இலக்கு எட்டவில்லை. திருவண்ணாமலைப் பெண்ணிடம் அவர் பதிவிலேயே மன்னிப்புக் கேட்டேன், பதிலில்லை. அக்கா இப்போதும் ஓசூர் பஸ்ஸில்தான் போகிறாள். போனைப் பையில் போட்டுவிட்டு வெறுமனே வெளியே பார்த்துக்கொண்டு போவதாகச் சித்தி சொல்கிறார்.

வரும் ஞாயிறு அரூரில் குழுவினர் கூடி விளையாடுகிறார்கள். அந்தப் பெண்ணும் வருகிறாராம். முதலில் அவருடைய விளையாட்டை உட்கார்ந்து ஆடப்போகிறேன். கேட்டால் மட்டும், அட்டையில் வெட்டிய என்னுடையதை வெளியே எடுப்பேன். மாமாவும் வருகிறேன் என்று நிற்கிறார்.

"இந்தவாட்டி நெசமாவே ஆடிப் பாத்துட்டு எழுதறன்டா. நல்லா இல்லீன்னா இல்லீன்னே எழுதலாமில்ல?"

எழுதலாம் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு விதியையும் மறுபடி மறுபடி திருத்திக்கொண்டிருக்கிறேன்.