சவரிராயனின் பிளைமவுத்தும் என் அரை பாட்டில் ஆசிட்டும்

என் வீட்டுக்காரர் சவரிராயனுக்கு எழுபத்திரண்டு வயது. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குடி கிடையாது, சீட்டு கிடையாது, ஞாயிறு பூசைக்குத் தவறியதில்லை. இதைக் கேட்டுவிட்டு என்னைக் கொடுத்துவைத்தவள் என்று சொல்கிறவர்கள், கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டு ஷெட்டை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். உள்ளே 1956-ஆம் வருடத்து அமெரிக்கக் கார், பிளைமவுத் ஒன்று படுத்துக் கிடக்கிறது. நீளம் பதினாறு அடிக்கும் மேல். வீடு கட்டியபோது கொத்தனாரை முதலில் ஷெட்டுக்குத்தான் கயிறு பிடிக்கச் சொன்னார் இந்த மனுஷன். மிச்சமிருந்த இடத்தில்தான் வீடு. என் அடுக்களையில் இரண்டு பேர் நின்றால், ஒருவர் வெளியே போனால்தான் மற்றவர் திரும்ப முடியும்.

இந்தப் பைத்தியம் அவருக்கு ஒன்பது வயதில் பிடித்தது. மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு டாக்டருடைய செவர்லே மழைச் சேற்றில் சிக்கிக்கொண்டதாம். பையன்களெல்லாம் சேர்ந்து தள்ளினார்களாம். டாக்டர் சந்தோஷப்பட்டு அவர்களைக் கோயில் வாசல்வரை ஏற்றிப்போனாராம். "சீட்டுல உக்காந்தா காலு தரையில எட்டல ஜோதி. வீட்டுக் கட்டில்கூட அவ்வளவு அகலம் கெடையாது." இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எண்ணிச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஒரு பர்லாங்கு தூரம் சும்மா ஏற்றிப்போன அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். அதற்கான வட்டியை நாற்பது வருடமாகக் கட்டுகிறவள் நான்.

கல்யாணத்தின்போது அவரிடம் ஒரு செவர்லே இருந்தது. அது போய் ஒரு டாட்ஜ் வந்தது. அது போய் இந்த பிளைமவுத். ஊரில் எல்லோரும் மாருதி வாங்கினார்கள். நானும் கெஞ்சிப் பார்த்தேன். "அதுல உக்காந்தா தீப்பெட்டிக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு" என்றுவிட்டார். பேச்சு அத்தோடு முடிந்தது.

எனக்குத் தாய் வீடு சிதம்பரம். கடலூரிலிருந்து நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான். இந்த மூன்று கார்களில் எதிலும் ஒரு முறைகூட நான் நேராகப் போய்ச் சேர்ந்ததில்லை. ஆலப்பாக்கத்தில் நிற்கும். ஆலப்பாக்கம் தாண்டினால் முட்லூரில் நிற்கும். என் தங்கை வியாகுலமேரி கல்யாணத்தன்று புதுச்சத்திரத்தில் ரேடியேட்டர் கொதித்து நின்றது. "பத்து நிமிஷம் ஆறட்டும் ஜோதி, கெளம்பிடலாம்" என்றார். அந்தப் பத்து நிமிஷம் ஒன்றரை மணி நேரம் ஆனது. பட்டுப்புடவையோடு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் இறங்கினேன். தாலி கட்டி முடித்து ஆளாளுக்குக் கலர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கல்யாண ஆல்பத்தில் அக்காள் என்று ஒருத்தி இருந்ததற்கான அடையாளமே கிடையாது. வயிறு எரியுமா எரியாதா?

அதனால் நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. "இத ஒரு நாளைக்கிப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டுத்தான் மறுவேலை" என்று தினமும் சொல்வேன். தெருவே கேட்கும்படி சொல்வேன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கத்திய தொண்டை, மெதுவாகப் பேச வராது.

ஒரு முறை வாய்ச்சண்டை முற்றியபோது கேட்டேன். "இன்ஜின் வேன்லேர்ந்து எடுத்தது. கதவு எங்கேர்ந்தோ வந்தது. லைட்டு லாரியோடது. சீட்டு சிதம்பரத்துல தெச்சது. இதுல அமெரிக்கா எங்கங்க இருக்கு?" அவர் கோபிக்கவில்லை. கார்க் கதவைத் திறந்து, கதவு மாட்டியிருக்கும் தூணில் அடித்திருந்த விரல் நீளத் தகடு ஒன்றைக் காட்டினார். அதில் ஒரு எண் அச்சடித்திருந்தது. "இங்க இருக்கு" என்றார்.

அந்த எண்தான் காருக்கு உயிர். பழைய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸ் அதிகாரி தகட்டின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பார். எண் தாளில் விழ வேண்டும், ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். விழுந்தால் வண்டி ரோட்டில் ஓடலாம், விழாவிட்டால் வெறும் இரும்பு. இந்த மார்ச்சில் கெடு முடிகிறது. "இந்த ஒரு தடவ மட்டும் கெடைச்சிட்டா போதும் ஜோதி. இன்னும் அஞ்சு வருஷம். அதுக்கப்புறம் என்னாலயும் ஓட்ட முடியாது" என்றார். பொங்கலிலிருந்தே அவருக்கு இதே நினைப்பு. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை.

அதிகாரியிடம் போவதற்கு இரண்டு நாள் முன்பு ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். கார்க் கதவைத் திறந்துவைத்து, தரையில் ஒருக்களித்துப் படுத்து, பென்சிலும் தாளுமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். கடலூர் உப்புக்காற்றில் தகடு முழுக்கத் துரு. தாளில் கறுப்பு அப்பியதே தவிர எண் விழவில்லை. சுற்றிலும் கசக்கிப் போட்ட தாள்கள். எழுந்திருக்க முயன்றார், இடுப்பு பிடித்துக்கொண்டது. நான் கை கொடுத்துத் தூக்கினேன். "ஒன்னும் விழல ஜோதி" என்றார். கண் கலங்கியிருந்தது. இந்தச் சனியனுக்காக எனக்குப் பரிதாபம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. வந்தது. என்ன செய்ய, என் தலையெழுத்து.

மறுநாள் காலை அவர் பிரேக் பார்ப்பதற்காக மெக்கானிக் கலியமூர்த்தியைக் கூட்டிவர சிதம்பரம் போனார். பஸ்ஸில்தான் போனார், அதை எழுதாமல் விட மனசில்லை. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பாத்ரூம் தரையில் துருக் கறை பிடித்தால் ஆசிட் ஊற்றித்தானே எடுக்கிறோம்? பளிச்சென்று ஆகிவிடாதா? அவர் திரும்பி வரும்போது எண் தெளிவாகத் தெரிந்தால் அந்த முகம் எப்படி மலரும்! அரை பாட்டில் இருந்தது. பழைய துணியை நனைத்துத் தகட்டின் மேல் அப்பிவைத்தேன். புஸ்ஸென்று நுரைத்தது. நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். குழம்பைத் தாளித்து இறக்கி, சோறு வடித்துவிட்டு வந்து துணியை எடுத்தேன்.

ஐயோ மாதாவே! தகடு வெள்ளைவெளேரென்று இருந்தது. எண் இல்லை. கடைசி இரண்டு இலக்கம் மட்டும் மங்கலாக இருந்தது, மற்ற இடம் பொத்தல். இத்தனை வருடம் எண் என்று நின்றதெல்லாம் துருதான் போலிருக்கிறது. துருவோடு அதுவும் கரைந்துவிட்டது.

பகல் ஒரு மணிக்கு அவர் கலியமூர்த்தியோடு வந்தார். நான் மறைக்கவில்லை. ஷெட் வாசலிலேயே நின்று சொன்னேன். "தொடச்சிக் குடுக்கலாம்னுதாங்க ஆசிட் வச்சேன். இப்படி ஆவும்னு எனக்குத் தெரியாதுங்க." அவர் உள்ளே போய்ப் பார்த்தார். தகட்டின் மேல் விரலை வைத்தார். கலியமூர்த்தி என்னையும் பார்த்தான், என் கையில் இருந்த காலி பாட்டிலையும் பார்த்தான். பக்கத்து வீட்டு மங்கலம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, "சொன்ன மாதிரியே சாதிச்சிட்டீங்க டீச்சர்!" என்று சிரித்தாள். எனக்கு அவளை அறைந்துவிடலாம் போல இருந்தது.

கலியமூர்த்தி மெதுவாக, "லேத்துப் பட்டறையில குடுத்துப் புதுசா நம்பர் அடிச்சிரலாம் மாமா, யாருக்கும் தெரியாது" என்றான். "கள்ள நம்பர் போட்டு ஓட்டறதுக்கு இத்தினி வருஷம் வச்சிருந்தனாடா?" என்று அவனைத்தான் திட்டினார். என்னைத் திட்டவில்லை.

மறுநாள் காரை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனோம். நானும் கூடப் போனேன், நடந்ததைச் சொல்லலாம் என்று. அந்த அதிகாரி நல்ல மனிதர். குனிந்து பார்த்துவிட்டு, "என்ன சார் ஆச்சி இதுக்கு?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "நான்தான் சார். சுத்தம் பண்றேன்னு ஆசிட் ஊத்திட்டேன்."

"வண்டி உங்களுதுன்னு எனக்குத் தெரியுது. ஆனா புத்தகத்துல இருக்கிற வண்டி இதுதான்னு நான் எத வச்சி எழுதறது, சொல்லுங்க" என்றார் அதிகாரி. போலீஸ் சான்று, ஆய்வுக்கூடச் சான்று என்று வழி சொன்னார். ஒரு வருடமும் ஆகலாம், மூன்று வருடமும் ஆகலாமாம். கெடு முடிந்த பிறகு ரோட்டில் எடுக்கக் கூடாது என்றார். இவர் தலையை ஆட்டினார். மூன்று வருடத்தில் எழுபத்தைந்து ஆகிவிடும், அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்துதான் இருந்தது.

திரும்பி வரும்போது கார் எங்குமே நிற்கவில்லை. ஒரு முறை இருமக்கூட இல்லை. அன்றைக்கென்று பார்த்து!

எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அந்நிய மனிதர் எதிரில் என் தப்பைத் தன் மேல் போட்டுக்கொண்டாரே, நான் வேண்டுமென்று செய்யவில்லை என்று நம்பியதால்தானே என்று நினைத்தேன். வீட்டு வாசலில் நிறுத்தியதும் கேட்டேன்.

"ஏங்க, நீங்க ஏன் பழிய ஏத்துக்கிட்டீங்க? நடந்ததச் சொல்லியிருக்கலாமில்ல?"

ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னார். "என்னான்னு சொல்றது ஜோதி? கட்டுன பொண்டாட்டியே புடிக்காம அழிச்சிட்டான்னு ஆபீஸ்ல வச்சி சொல்லச் சொல்றியா?"

நான் கத்தினேன். "மாதா சத்தியமா வேணும்னு செய்யலங்க! ஒங்களுக்கு ஒதவி பண்ணலாம்னுதான் செஞ்சேன்!"

"சரி, சரி. எனக்குக் கோவம் இல்ல. நீயும் எத்தினி வருஷந்தான் பொறுத்துக்குவ?" என்று என் கையில் தட்டிக் கொடுத்தார்.

அவர் கத்தியிருக்கக் கூடாதா? நான்கு வார்த்தை திட்டியிருந்தால் எட்டு வார்த்தை திருப்பிக் கொடுத்து வழக்கைத் தீர்த்திருப்பேன். மன்னித்துவிட்டவரிடம் எதைச் சொல்லி வாதாடுவது? அன்றிலிருந்து என்னிடம் முன்னைவிட அன்பாக இருக்கிறார். மார்க்கெட்டுக்குத் தானே போகிறார். காப்பி போட்டுத் தருகிறார்.

நேற்றும் காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு இன்னொரு முறை சொன்னேன், ஆசிட் வைத்தது நல்லதுக்குத்தான் என்று.

"நம்புறேன், குடி, ஆறிடப் போவுது" என்றார்.

நம்பவில்லை.