அம்சவல்லி பார்த்த கொரியப் படங்கள்

எங்கள் சுரங்க டவுன்ஷிப் மியூசியத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் கொரியப் படம், அனுமதி இலவசம் என்று போர்டு வைத்தார்கள். ஒரே டைரக்டருடைய படங்கள், கோடை முழுக்க வாரம் ஒன்று. மியூசியத்தைப் பார்த்துக்கொள்ளும் பவித்ரா என்ற பெண்ணுக்கு அந்த ஆள் மேல் அப்படி ஒரு பைத்தியம். ஸ்பீக்கரும் புரொஜெக்டரும் என்னுடையவை. நான் மைக்செட் கமாலுதீன், மந்தாரக்குப்பத்தில் கடை வைத்திருக்கிறேன்.

படமா அது! ஒருவன் சாப்பிட உட்கார்ந்தால் கிண்ணம் காலியாகும்வரை அதையே காட்டுவார். பாட்டு இல்லை, சண்டை இல்லை, கீழே இங்கிலீஷ் எழுத்து மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். முதல் வாரம் ஏ.சி.க்காக வந்த கூட்டம் அடுத்த வாரமே கழன்றுகொண்டது. நிலக்கரிக் கட்டிகள் வைத்த கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவே பவித்ராவும் நானும் ஒன்றிரண்டு பேரும் மிஞ்சினோம். அப்புறம் அம்சவல்லி.

அம்சவல்லி எங்கள் தெருவில் இட்லி மாவு அரைத்து விற்பவள். முத்தாண்டிக்குப்பத்துப் பெண். தமிழையே எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்து, வயர்கூடையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்காருவாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“இதுல உனக்கு என்னதான் புரியுது தங்கச்சி?” என்று கேட்டேன்.

“புரியறதுக்கா வர்றேன்? அதுல அவரு வர்றாரு பாய்” என்றாள்.

அவர் என்றால் அவள் புருஷன் கலியமூர்த்தி. மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர். இறந்து நாலு வருஷம் ஆகிறது. வெயிலில் அலைந்து அவளுக்கு மூளை கலங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து நானும் கவனித்துப் பார்த்தேன். அந்த டைரக்டர் எல்லாப் படத்திலும் ஒரே துணை நடிகரைப் போடுகிறார். ஒன்றில் தபால்காரர், ஒன்றில் மீன் விற்பவர். கொஞ்ச நேரம்தான் வருவார், பிறகு கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுவார். அந்த முதுகைத்தான் அவள் சொல்லியிருக்கிறாள். வலது தோள் சற்று இறங்கி, கழுத்தை முன்னால் நீட்டி, அவசரமே இல்லாத நடை. டார்ச் லைட்டுக்குப் பேட்டரி வாங்கிக்கொண்டு என் கடைப் படியிறங்கிப் போன கலியமூர்த்தியேதான்.

முன்னாலிருந்து பார்த்தால் யாரோ ஒருவர். அதை அவளிடம் சொன்னேன்.

“மொகத்த காட்டும்போது கண்ண மூடிக்குவேன் பாய்” என்றாள்.

அன்று நான் வயர் சுற்றிக்கொண்டிருக்கும்போதுதான் மீதியைச் சொன்னாள். மத்தியானம், ரெண்டாம் ஷிப்ட். கலியமூர்த்தி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டு கேட்டைத் தாண்டிவிட்டார். சாப்பாட்டுத் தூக்கு அவள் கையிலேயே இருந்தது. ஷிப்டுக்குப் போகிற ஆளைப் பின்னாலிருந்து கூப்பிட எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணுக்கும் வாய் வராது. தவறிக் கூப்பிட்டுவிட்டால் ஆள் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். தானாக நினைவு வந்து திரும்புவார் என்று அவள் தூக்கோடு நின்றாள். ரோட்டு முனையில் லாரி அடித்துவிட்டது.

“ஒரு வார்த்த கூப்புட்டிருந்தா வந்து தண்ணி குடிச்சிட்டு போயிருப்பாரு பாய். அதுக்குள்ள அந்த லாரி தாண்டிப் போயிருக்கும். நாந்தான் வாய மூடிகினு நின்னேன். ரெண்டாம் ஷிப்டு சங்கு ஊதுனா இன்னிக்கும் வூட்டு கேட்டு தொறக்கற சத்தம் கேக்குது. ஓடிப் போயி பாத்தா தாப்பா போட்டது போட்டபடியே இருக்குது.”

“சாங்கியம் பாத்தது தப்பா? ஊரே பாக்குது” என்றேன். அது அவள் காதில் ஏறவில்லை.

“கூப்புட்டா நின்னிருப்பாரா, மாட்டாரா? அது மட்டும் தெரிஞ்சா போதும் பாய். படந்தான்னு தெரியுது. ஆனாலும் அவரு எந்திரிச்சி போகும்போதெல்லாம் வாய்வரைக்கும் வருது.”

நான் ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கடைசி ஞாயிறு வந்தது. கடைசிப் படத்தில் அந்த நடிகர் ஒரு வீட்டின் அப்பா. காலையில் வேலைக்குக் கிளம்புகிறார். மேஜைமேல் துணியில் சுற்றிய ஒரு டப்பா இருக்கிறது. அதை எடுக்காமல் வாசல் இறங்குகிறார். கேமரா வாசலிலேயே நின்றுகொள்கிறது. சரளைக்கல் சந்தில் அந்த முதுகு போய்க்கொண்டே இருக்கிறது. என் ஸ்பீக்கரில் செருப்புச் சத்தம் சரக் சரக்கென்று கேட்கிறது.

அம்சவல்லி எழுந்துவிட்டாள்.

“ஏங்க!”

ஹாலே அதிர்ந்தது. பவித்ரா பதறி எழுந்தாள். பேசாமல் இரு என்று கையைக் காட்டினேன்.

“ஏங்க! சாப்பாட்ட வச்சிட்டுப் போறீங்க! ஏங்க!”

அவர் நிற்கவில்லை. முதுகு சின்னதாகி, இன்னும் சின்னதாகிச் சந்து முனைவரை போனது. அம்சவல்லி பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு தோள் தளர்ந்து ஒரு பெரிய மூச்சு விட்டாள்.

“நிக்கல பாய். நான் கூப்புட்டிருந்தாலும் நின்னிருக்க மாட்டாரு. போறவரு போயிகினேதான் இருந்திருப்பாரு.”

அழுதுகொண்டே சிரித்தாள். இந்த நாலு வருஷத்தில் அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் பார்த்ததில்லை. கூடையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

அவள் பாதி ஹாலைத் தாண்டியிருப்பாள். திரையில் சந்து முனையில் அந்த ஆள் நின்றார். திரும்பினார். வந்த வழியே நடந்து வர ஆரம்பித்தார். போனபோது மெல்லக் கேட்ட செருப்புச் சத்தம் இப்போது ஒவ்வொரு அடிக்கும் கூடிக்கொண்டே வந்தது. அம்சவல்லி வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். சவுண்டை மொத்தமாகக் குறைத்தேன்.

ஹாலில் பொட்டுச் சத்தம் இல்லை. அவர் வீட்டுக்குள் வந்து டப்பாவை எடுத்தார். உட்கார்ந்தார். யாரோ நீட்டிய தண்ணீரை வாங்கி, கிண்ணம் காலியாகும்வரை குடித்தார். அவர் முகம் திரை முழுக்க இருந்தது. தன்னைக் கூப்பிட்டது யார் என்று ஹாலுக்குள் தேடுவதுபோல் எனக்குப் பட்டது. அம்சவல்லி படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். நான் அவளைக் கூப்பிடவில்லை.

“சவுண்டு போயிடுச்சா அங்கிள்?” என்றாள் பவித்ரா.

“ஆமாம்மா, வயர்ல கோளாறு” என்றேன்.

இப்போது ரெண்டாம் ஷிப்ட் சங்கு ஊதினால் அம்சவல்லி தன் பாட்டுக்கு மாவு அரைத்துக்கொண்டிருக்கிறாள். கேட் சத்தம் கேட்பதே இல்லையாம். எனக்குத்தான் கேட்கிறது. கடையில் அத்தனை ஸ்பீக்கரையும் அணைத்து வைத்தாலும், சரளைக்கல்லில் ஒருவர் திரும்பி நடந்து வருகிறார்.