கண்ணைக் கட்டிக்கொண்ட ஞாயிற்றுக்கிழமை

பத்து வருடத்துக்கு முன்னால், கோயமுத்தூரில் ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது இது. அப்போது ஊருக்குள் ஒரு பெரிய சாலையில், ஞாயிறு காலை மட்டும் வண்டிகளை நிறுத்திவிட்டுத் தெருவை ஜனங்கள் விளையாட விட்டுவிடுவார்கள். டிக்கெட் கிடையாது. அதனால்தான் போனேன். பெரிதாக வேறு நல்ல எண்ணம் எதுவும் இல்லை.

நான் பீளமேடு பக்கம் ஒரு பம்புசெட் பட்டறையில் டர்னர், லேத் மெஷினில் இரும்பு கடைகிற வேலை. லேத் ஓடும் இடத்தில் கத்தித்தான் பேச வேண்டும். அந்தக் கத்தலை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். பட்டறைமேல் பழி போடுகிறேன் என்று நினைக்காதீர்கள். பக்கத்து லேத்தில் நின்றவன் வீட்டில் மெதுவாகத்தான் பேசினான். எனக்குக் கோபம் அதிகம், அவ்வளவுதான்.

மகள் அப்போது ஆறாம் வகுப்பு முடித்திருந்தாள். அவள் கூடப் படித்த பிள்ளைகள் லீவுக்கு ஊட்டி, கொடைக்கானல், தண்ணீரில் சறுக்கி விளையாடும் பார்க் என்று போய்வந்து கதை சொன்னார்கள். என் மனைவி ஏப்ரலிலேயே கேட்டாள்.

"புள்ளைய ஒரு நாளாச்சும் அந்தத் தண்ணி பார்க்குக்குக் கூட்டிட்டுப் போலாமுங்க."

"தண்ணியில குதிக்கறதுக்குக் காசா? ஊட்டுல பைப்பத் தொறந்து உடு, குதிக்கட்டும்" என்றேன்.

மகள் சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. அப்புறம் பொருட்காட்சி கேட்டாள். அப்புறம் படகு கேட்டாள். கடைசியில் பூங்காவாவது போகலாம் என்றாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கத்தல் கொடுத்தேன். ஒரு புதன்கிழமை, சாப்பிடும்போது மறுபடி பேச்சை எடுத்தாள். நான் தட்டைத் தள்ளிவிட்டேன். அது உருண்டு போய் மகள் காலடியில் விழுந்தது. அந்தப் பிள்ளை காலை மடக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி உட்கார்ந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மறுநாள் காலையில் மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் தாராபுரம் போறேனுங்க. எங்கண்ணங்கிட்டப் பேசிட்டேன். புள்ளைய அங்கயே பள்ளிக்கூடத்துல சேத்துப்போடறேன்."

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். அவள் மடித்த துணியில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அவள் அண்ணனும் என்னைக் கூப்பிட்டுச் சமாதானம் பேசவில்லை. அப்படியென்றால் முடிவு எடுத்தாகிவிட்டது என்று அர்த்தம்.

மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியாது. சனிக்கிழமை பட்டறையில் ஒருத்தன் அந்த ஞாயிற்றுக்கிழமைத் தெருவைப் பற்றிச் சொன்னான். மறுநாள் ஆறு மணிக்கு இரண்டு பேரையும் எழுப்பி, "கெளம்புங்க" என்றேன். அதையும் அதட்டித்தான் சொன்னேன். கட்டி வைத்த பைகள் கதவோரம் இருந்தன. மனைவி அவற்றைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், பிறகு தலைக்கு எண்ணெய் தடவப் போனாள்.

அந்தத் தெருவை நான் அப்படி எதிர்பார்க்கவில்லை. வழக்கமாக பஸ்ஸும் லாரியும் உறுமுகிற தார்ச் சாலையில் பிள்ளைகள் சாக்பீஸால் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் சிலம்பம், ஒரு பக்கம் கயிறு தாண்டுதல். தொப்பை வைத்த ஆட்கள் வெட்கமே இல்லாமல் சைக்கிள் டயர் உருட்டிக்கொண்டு ஓடினார்கள். பர்தா போட்ட ஒரு பெண் நொண்டிக் கட்டத்தில் தாவ, அவள் வீட்டுக்காரர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தார். மகள் எங்கள் கையை உதறிவிட்டு ஓடினாள். மனைவி கட்டத்தின் ஓரத்தில் போய் நின்றாள். ஆடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்போது ஒரு கல்லூரிப் பெண் மைக்கோடு வந்தாள். பேச்சைப் பார்த்தால் சென்னைப் பக்கம். ஜோடி விளையாட்டாம். பத்து ஆண்கள் ஒரு பக்கம் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எதிர்ப் பக்கம் பத்து மனைவிமார் கையில் ஆளுக்கொரு பலூனோடு, இடம் மாறி மாறி நிற்பார்கள். குரலை வைத்துக் கண்டுபிடித்துப் போய், அவரவர் மனைவி கையிலிருக்கும் பலூனை வாங்க வேண்டும்.

மகள் ஓடிவந்து இரண்டு பேரையும் இழுத்தாள்.

"வேண்டாம் அம்மணி, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் மனைவி.

நான்தான், "ஆடலாம், வா" என்றேன். சுலபமாக ஜெயித்துவிடலாம், அவளும் கொஞ்சம் இறங்கி வருவாள் என்று கணக்குப் போட்டேன்.

அந்தப் பெண் மைக்கில் சொன்னாள்: "அக்கா, நல்லா கேட்டுக்கோங்க. வீட்டுக்காரர் பேரைச் சொல்லித்தான் கூப்பிடணும். பேர் மட்டும்தான். வேற எதுவும் சொல்லக் கூடாது, ஓகேவா?"

எல்லாரும் தலையாட்டினார்கள். எங்கள் கண்ணைக் கட்டினார்கள். விசில் அடித்தது.

"ஏனுங்க! ஏனுங்க! ஏனுங்கோவ்! ஏனுங்க, இந்தப் பக்கமுங்க!"

எதிர்ப் பக்கம் முழுக்க அதே சொல். எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பேரைச் சொல்வார்களா? ஆஸ்பத்திரியில் பேர் கேட்டால்கூடப் பக்கத்தில் இருக்கும் பிள்ளையைச் சொல்ல வைப்பார்கள். இந்தப் பக்கம் ஆண்கள் எல்லாரும் "இங்கதான், இங்கதான்" என்று பதில் கொடுத்துக்கொண்டு ஒருத்தர்மேல் ஒருத்தர் முட்டினோம். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"அக்கா! எல்லாரும் ஏனுங்கன்னா யாருதான் வருவாங்க?" என்று மைக் பிடித்த பெண் கத்தினாள்.

"டேய், லெஃப்ட்ல வாடா எரும!" என்று ஒரு குரல் வந்தது. கம்ப்யூட்டர் கம்பெனி ஜோடி போலிருக்கிறது. அந்தப் பையன் நேராகப் போய்ப் பலூனை வாங்கிவிட்டான் என்று கைதட்டலில் தெரிந்தது.

இந்தக் களேபரத்தில் ஒரு பெண் குரல் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது.

என் பெயர் இந்த ஊரில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும். நான் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டது. பக்கத்தில் முட்டிக்கொண்டு நின்ற ஆளிடம், "பாருங்க, எவளோ நாலு பேருக்கு மத்தியில புருசன் பேரைச் சொல்லிக் கத்தறா. மட்டு மரியாத இல்ல" என்றேன்.

"உடுங்ணா. அந்த மனுசனாச்சும் சீக்கிரம் போய்ச் சேரட்டும்" என்றார் அவர்.

மூன்றாவது முறையும் கேட்டது, நாலாவது முறையும் கேட்டது. அதற்குள் நான், அங்கே கேட்ட "ஏனுங்க"விலேயே சத்தமான ஒன்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அந்தக் குரலில் கொஞ்சம் சலிப்பு இருந்தது. என் மனைவிக்கு என்மேல் சலிப்பாகத்தானே இருக்கும் என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பலூனைப் பிடித்து இழுத்தேன்.

"ஏன் இந்தக் கத்துக் கத்தற? நானென்ன செவுடா? அறிவில்ல?"

அந்தக் கை பலூனை விடவில்லை.

"ஏனுங்ணா, நான் உங்க ஊட்டுக்காரி இல்லீங்க" என்றது அந்தக் குரல். "நல்லவேளைங்க, இல்லாமப் போனேன்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கட்டை அவிழ்த்தேன். ஐம்பது வயதிருக்கும், வாட்டசாட்டமான ஒரு அம்மா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "ஊட்டுலயும் இப்படித்தான் பேசுவீங்களாங்ணா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் பதிலுக்குக் காத்திருந்தார்.

நான் மனைவியைத் தேடினேன். நான் முதலில் நின்ற இடத்துக்கு நேர் எதிரே நின்றாள். கண்ணைக் கட்டிக்கொண்டு நேராக நடந்திருந்தாலே அவளிடம் போயிருப்பேன். சிவப்புப் பலூனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். முகம் பலூனைவிடச் சிவந்திருந்தது.

மகள் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "அப்பா, அம்மா உங்க பேரை நாலு தடவ கூப்புட்டுச்சுப்பா. நீங்க திரும்பவே இல்ல."

எனக்குக் காது நன்றாகக் கேட்கும். பட்டறையில் பன்னிரண்டு லேத் ஒன்றாக ஓடினாலும், எந்த மெஷினில் பேரிங் தேய்கிறது என்று இருந்த இடத்திலிருந்தே சொல்வேன். முதலாளி அதற்காகவே என் கோபத்தைப் பொறுத்துக்கொண்டார். அந்தக் காதில்தான் பதினாலு வருடம் கூட வாழ்ந்தவள் குரல் ஏறவில்லை. அவள் பேச ஆரம்பித்ததும் நான் கத்த ஆரம்பித்துவிடுவேன். பிறகு எப்படித் தெரியும்?

"அந்தப் புள்ள பேரைச் சொல்லித்தான கூப்படச் சொல்லுச்சுங்க" என்றாள் மனைவி, ஏதோ தப்புச் செய்துவிட்டவள் மாதிரி.

நான் மைக் பிடித்த பெண்ணிடம் போனேன். "இன்னொருக்கா உடு."

"சாரிண்ணா, அடுத்த கேம் ஆரம்பிக்கணும்."

எனக்குக் குரல் உயர்ந்தது. பாதியில் நிறுத்தினேன். "இன்னொருக்கா உடு தங்கச்சி. தயவு பண்ணி" என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து எப்போது கடைசியாக வந்தது என்று எனக்கே தெரியாது. முன்பு கேள்வி கேட்ட அந்த அம்மா அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "உடு கண்ணு! அந்தண்ணன் மறுக்கா ஊட்டுக்குப் போக வேண்டாமா?"

மறுபடி பத்துப் பேர் கண்ணையும் கட்டினார்கள். இந்த முறை நான் அடி எடுத்து வைக்கவில்லை. பத்துக் குரலையும் கேட்டேன். மனைவி மறுபடி பேர் சொல்லவில்லை, அவள் குரலும் ஒரு "ஏனுங்க"வாகத்தான் கலந்திருந்தது. மற்றவர்கள் முட்டி மோதிப் போய்க்கொண்டே இருந்தார்கள். "அண்ணன் தூங்கிட்டாரு போல" என்று யாரோ சொன்னார்கள். ஒவ்வொரு குரலாக நின்றது. கடைசியில் ஒன்றுதான் மிச்சம். சத்தமில்லாத, கொஞ்சம் இழுத்துச் சொல்கிற குரல். அதைக் கண்டுபிடித்தேன் என்று பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன். மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். ஆனால் நடந்து போகிற அந்த இருபது அடியும் வேறெதுவும் காதில் விழவில்லை.

பலூனை வாங்கினேன்.

"கடேசியா வந்தீங்க" என்றாள்.

"வந்தேனில்ல" என்றேன்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். அன்று மத்தியானம் அவள் சொன்னபடியே கிளம்பினாள். பைகளை நான்தான் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். தாராபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி எடுக்கும் முன்னால் கேட்டேன்: "எல்லாரும் ஏனுங்கன்னுதான கூப்புட்டாங்க. நீ மட்டும் ஏன் பேரைச் சொன்ன?"

என்னைப் பார்க்காமல் பதில் சொன்னாள். "பதினாலு வருசமா ஏனுங்கன்னுதான் கூப்படறேன். பேரைச் சொன்னாலாச்சும் திரும்பிப் பாப்பீங்களான்னு பாத்தேனுங்க."

பஸ் போய்விட்டது. நான் அங்கேயே நின்றேன். டீக்கடைக்காரர் நகரச் சொல்லும்வரை நின்றேன்.

அடுத்த ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் தாராபுரம் போனேன். மச்சான் வாசலில் நின்று, "வாங்க" என்று மட்டும் சொன்னார். ஊருக்கு வா என்று அவளிடம் நான் கேட்கவில்லை, கேட்கத் தைரியம் இல்லை. அவளையும் மகளையும் அமராவதி ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனேன். கடலை வாங்கிக் கொறித்தோம். அவள் பேசினாள், நான் கேட்டேன். நடுவில் இரண்டு முறை கோபம் வந்தது, கடலையை மென்று விழுங்கினேன். அதற்கடுத்த ஞாயிறும் போனேன். அதற்கடுத்த ஞாயிறு, நான் பஸ் ஏறக் கிளம்பும்போது அவள் கேட்டாள்: "பள்ளிக்கூடம் தொறக்கப் போறாங்க. அங்க புள்ளைக்கு யூனிபார்ம் தெய்க்கக் குடுத்தாச்சுங்களா?"

அங்க என்றாள், கோயமுத்தூரைத்தான். குடுத்தாச்சு என்று பொய் சொல்லிவிட்டு, ஊருக்கு வந்ததும் பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராகத் தையல் கடைக்கு ஓடினேன்.

அதற்குப் பிறகு மகள் பன்னிரண்டாவது முடிக்கும்வரை ஞாயிற்றுக்கிழமை என்றால் நாங்கள் வீட்டில் இருந்ததில்லை. காசு பெரிதாக எதுவும் செலவழிக்கவில்லை. குளக்கரையில் நடந்தோம், பறவை பார்த்தோம். விவசாயக் கல்லூரியில் பூக்காட்சி பார்த்தோம். அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்த மிருகங்களுக்கெல்லாம் மகள் எங்கள் சொந்தக்காரர்கள் பெயரை வைத்தாள். புளிசாதத்தைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு மருதமலைப் படி ஏறினோம். அந்தத் தண்ணீர்ப் பார்க்குக்கும் ஒரு வருடம் போனோம். அதுதான் எல்லாவற்றிலும் சுமார் என்று மகளே சொன்னாள்.

இப்போது அவள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அந்த மாதிரி ஞாயிற்றுக்கிழமைத் தெரு இப்போதும் எங்கேயாவது நடக்கிறது. போன மாதம் நாங்கள் இரண்டு பேரும் போனோம். வரிசையாகக் கடைக்காரர்கள் பேனர், சக்கரத்தைச் சுற்றினால் தள்ளுபடி கூப்பன், ஆளுக்கொரு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படம். நொண்டிக் கட்டம் போடுவதற்கு இடமே இல்லை. எனக்குக் கோபம் வந்தது, இரண்டு பேரிடம் சண்டையும் போட்டேன். கோபம் என்னைவிட்டு எங்கும் போகவில்லை. வீட்டுக்குள் மட்டும் அதைக் கூட்டிக்கொண்டு போவதில்லை, அதுவும் பெரும்பாலும்தான்.

மனைவி அதற்குப் பிறகு ஒருமுறைகூட என் பெயரைச் சொன்னதில்லை. சொல்லச் சொல்லிக் கேட்டும் பார்த்தேன். "இப்பத்தான் கூப்புட்டாத் திரும்பறீங்களே, அப்பறம் எதுக்குங்க?" என்று சிரித்துவிட்டாள். ஆனாலும் கடைவீதியிலோ பஸ் ஸ்டாண்டிலோ யாரோ யாரையோ என் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அது எனக்கில்லை என்று நன்றாகத் தெரிந்தும் நின்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன். ஒருநாள் திரும்பாமல் நின்றதால் என் வீடே காலியாகப் பார்த்தது.