எலிக்குட்டியின் மகள்கள்

கல்யாணமாகி வந்தபோது அவளுக்குத் தெரிந்த ஒரே வேலை தையல். ஆட்டுக்கு நாலு கால் என்பதற்கு மேல் அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. புருஷனுக்கோ நாற்பது செம்மறிகளும் ஒரு பெரிய கிடாவும்தான் உலகம். அந்தக் கிடாவைத் தடவிக்கொடுக்கிற நேரத்தில் பாதியாவது தன்னோடு பேசக்கூடாதா என்று கேட்டால், "அது எதிர்த்துப் பேசாதுல்ல" என்பான்.

தையல்காரி கண்ணுக்கு எதுவும் தப்பாது. பட்டியைக் கூட்டியபடியே மூன்று வருஷம் பார்த்தாள். சில ஆடுகள் தவறாமல் இரண்டு குட்டி போட்டன. பல ஒன்றோடு நின்றன. சில, தீனிக்கு மட்டும் முதல் ஆளாக வந்துவிட்டு, சினையே பிடிக்காமல் கொழுத்துத் திரிந்தன. இரட்டை ஈன்றவற்றின் கழுத்தில் வெட்டி மிஞ்சிய நீலத்துணியைப் பட்டையாகத் தைத்துக் கட்டினாள். நாற்பதில் ஆறுதான் தேறின.

அடுத்த கிடாவுக்காகப் புருஷன் கொழுகொழுவென்று ஒரு குட்டியைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தான்.

"அது ஏன் பெருசு தெரியுமா? ஒத்தையா பொறந்து மொத்தப் பாலையும் குடிச்சது. வருஷாவருஷம் பெருசையே நிறுத்தினா, பட்டியில ஒத்தைதானே பெருகும்?" என்றாள் அவள்.

"சரி, வேற எது?"

அவள் காட்டியது மூன்று வருஷமும் இரட்டையே ஈன்ற ஆட்டின் குட்டி. ஒட்டிய வயிறு, துருத்திய காது.

"இந்த எலிக்குட்டியா!"

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவன், கடைசியில் பாதி மந்தையை மட்டும் அவள் விருப்பத்துக்கு விட்டான். எலிக்குட்டி வளர்ந்து கிடாவான பிறகும் பெயர் மாறவில்லை.

அடுத்த ஈற்றில் இரண்டு பாதிக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. நாத்தனார் வந்து வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"எலிக்குட்டியோட பொண்ணுங்க ஈனட்டும்" என்றாள் அவள். " கிடாவோட குணம் அப்பத்தான் தெரியும். அதுவரைக்கும் சிரிச்சுக்குங்க."

இரண்டு வருஷம் கழித்து அந்த மகள்கள் பதினொன்றும் தலையீற்று ஈன்றன. ஐந்து இரட்டை போட்டன. ஒன்று மூன்று போட்டது! புருஷன் பட்டிக்கும் வீட்டுக்குமாக ஓடினான், தனக்கே பிறந்த மாதிரி.

மூன்று போட்டதற்கு மடியில் ஒரு பக்கம் பாலே இல்லை. ஒரு குட்டியை மட்டும் நக்கி எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் முட்டித் தள்ளியது. அவள் அவற்றை அடுப்படியில் சாக்கில் படுக்கவைத்துப் புட்டியில் பாலூட்டினாள். ஒன்று பிழைத்தது. மற்றது மூன்றாம் நாள் அவள் மடியிலேயே அடங்கிப்போனது. அன்று அவள் தையல் இயந்திரத்தைத் தொடவில்லை. பிறந்ததை மட்டும்தானே எண்ணினேன், வளர்ந்ததை எண்ணவில்லையே என்று மனசு குத்தியது.

மறுவாரம் அந்த ஆட்டை இனவிருத்தியிலிருந்து விலக்கச் சொன்னாள்.

"மூணு போட்டதையா?" புருஷன் பதறினான்.

"போட்டது மூணு. வளர்த்தது ஒண்ணு."

அவன் அதைத் தனியே பிரித்துக் கட்டினான்.

அதற்குப் பிறகு ஈற்றன்று அவள் பட்டை கட்டுவதில்லை. குட்டிகள் பால் மறந்து புல்லுக்கு மாறும் நாள்வரை காத்திருப்பாள். இரண்டையும் தன் பாலிலேயே தேற்றிய தாய்க்குத்தான் நீலம். அப்படி நீலம் பெற்றவற்றின் குட்டிகளையே மந்தையில் நிறுத்தினார்கள். மகள்களோடு சேராமலிருக்க எலிக்குட்டியை நாத்தனார் மந்தைக்கு மாற்றிவிட்டு, அங்கிருந்து இரட்டையாய்ப் பிறந்த வேறொரு கிடாவைக் கொண்டுவந்தார்கள்.

எலிக்குட்டியைத் தேர்ந்தெடுத்த எட்டாம் வருஷம் நாற்பது தாய்களிடம் அறுபத்தெட்டுக் குட்டிகள் பால்குடி மறந்து நின்றன. வருகிறவர்களிடமெல்லாம் புருஷன், "நாங்க ஆரம்பத்துலயே யோசிச்சோம்" என்று அளந்தான். உள்ளே துணி வெட்டிக்கொண்டிருந்தவளுக்குக் கேட்டது. எழுந்து போய்த் திருத்தவில்லை.

"நாங்களா?" என்று மட்டும் குரல் கொடுத்தாள்.

வெளியே புருஷன் வந்தவர்கள் பக்கம் திரும்பினான்.

"அவதான்" என்றான்.